எந்த புரோப் வைத்தாய் தம்பி?



போன செமஸ்டர் பிராக்டிகல் தேர்வில், எக்ஸ்டர்னலாக வந்தவர் என் ரெக்கார்டைப் புரட்டிவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "சாலினாய்டுக்குள்ள எந்த புரோப் வச்சே தம்பி?"

நான் முழித்தேன். "பச்சை வயர் போட்டது சார்" என்றேன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அவர் சிரிக்கவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சோதனை செய்த அன்று எனக்கு மீட்டரில் வந்தது 4 காஸ். சீனியர் அண்ணன் ரெக்கார்டில் இருந்தது 118. 'மீட்டர் மக்கர்' என்று நானே தீர்ப்புச் சொல்லி, 118ஐ எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டேன். ஆனால் மீட்டர் கெடவே இல்லை. தப்பு என்னுடையது.

1879இல் அமெரிக்காவில் எட்வின் ஹால் கண்டுபிடித்தது இதுதான்: மின்சாரம் ஓடும் மெல்லிய தகட்டைக் காந்தப்புலம் குறுக்கே துளைத்துப் போனால், தகட்டின் இரண்டு ஓரங்களுக்கு நடுவே சின்ன வோல்டேஜ் பிறக்கும். புலம் தகட்டோடு படுத்தாற்போல் ஓடினால் ஒன்றும் பிறக்காது. பட்டையான டிரான்ஸ்வர்ஸ் புரோப், தன் முகத்தில் நேராக விழும் புலத்தை அளக்கும். இரண்டு துருவங்களுக்கு நடுவே உள்ள இடைவெளிக்கு அதுதான் சரி. சாலினாய்டிலோ புலம் அச்சின் வழியே ஓடுகிறது. அங்கே நுனியில் தகடு வைத்த ஆக்சியல் புரோப் வேண்டும். நான் பட்டையை உள்ளே விட்டால் 4 வராமல் வேறென்ன வரும்?

ஆகவே, புரோப்பைத் தொடும் முன் நான்கு கேள்விகள் கேட்க வேண்டும். புலம் எந்தத் திசையில் ஓடுகிறது? எவ்வளவு இருக்கும்? நிலையானதா, ஏசியா? நுழைக்க இடம் எவ்வளவு? 2 மில்லிமீட்டர் இடைவெளியில் 3 மில்லிமீட்டர் புரோப்பை அழுத்தினால் உடையும். டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் டிசி நிலையில் வைத்தால், கசிவு இருந்தும் மீட்டர் சைபர் காட்டும். அங்கே சர்ச் காயில் வேலை செய்யும். அதே காயிலை நிலையான புலத்தில் அசையாமல் வைத்தால் அதுவும் சைபர்தான்!

'எவ்வளவு' என்ற கேள்விக்கு நம் மாவட்டத்திலேயே பாடம் இருக்கிறது. மேற்கே தெரிகிறதே மலை, அங்கே கொடைக்கானலில் 1899இல் நிறுவப்பட்ட சூரிய ஆய்வுக்கூடம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அங்கே பூமியின் காந்தப்புலத்தையும் பதிவு செய்தார்கள். அந்தப் புலம் சுமார் 0.4 காஸ். அது ஒரே நாளில் கூடிக் குறைவதோ ஏறக்குறைய 0.001 காஸ் அளவுதான். 1 காஸுக்குக் கீழே காட்டாத நம் லேப் மீட்டருக்குப் பூமியே தெரியாது! அந்தக் காலத்தில் அதற்குக் கருவி, இழையில் தொங்கும் சின்னக் காந்தமும் அதில் ஒட்டிய கண்ணாடியும்தான். இன்று பிளக்ஸ்கேட்டும் புரோட்டான் மேக்னட்டோமீட்டரும் வந்துவிட்டன. அளக்கப்போவது என்ன என்று தெரிந்த பிறகே கருவியைத் தேர்ந்தெடுத்தார்கள். நாமோ மேசையில் இருப்பதை எடுத்துக்கொண்டு அளக்கப் போகிறோம்.

எங்கப்பா பூட்டுப் பட்டறையில் அரம் பிடிப்பவர். காஸ் என்றால் என்ன என்று அவருக்குத் தெரியாது. நடந்ததைச் சொன்னேன். "பூட்டைப் பாக்காம எவனாச்சும் சாவி ராவுவானாடா?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

"ஒரு பேட்சுக்கு இருப்பதே ஒரு மீட்டர், ஒரு புரோப். இதில் எங்கே தேர்ந்தெடுப்பது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ரெக்கார்டில் ஒரு வரி எழுதக் காசு வேண்டாமே! 'பயன்படுத்திய புரோப் எது, ஏன்?' என்று ஒவ்வொரு சோதனையிலும் எழுதுவோம். பொருந்தாத புரோப் என்றால் 'பொருந்தவில்லை, 4தான் வந்தது' என்றே எழுதுவோம். அதற்கு மார்க் குறைக்காதீர்கள் என்று ஆசிரியப் பெருமக்களிடம் நம் மாணவர் மன்றம் கேட்க வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

நாளை மில்லிலோ மோட்டார் பட்டறையிலோ வேலைக்கு நிற்கும்போது, பார்த்து எழுத சீனியர் ரெக்கார்டு இருக்காது நண்பர்களே. காரணம் தெரிந்த 4, காப்பியடித்த 118ஐ விடப் பெரியது!