வீட்டு விவகாரம்

ஜாதியை ஜெனிவாவுக்குக் கொண்டு போகாதே, அது நம் வீட்டு விவகாரம் என்கிறார்கள். 1946இல் ஐ.நா. சபையில் தென்னாப்பிரிக்கா சொன்னதும் இதைத்தான். அங்கே இந்தியர்கள் ஒதுக்கப்படுவதைப் புகாராகக் கொண்டு போன இந்தியா அந்தப் பதிலை ஏற்கவில்லை. 1965இல் இனப் பாகுபாட்டுக்கு எதிரான உடன்படிக்கை உருவானபோது 'வம்சாவளி' என்ற சொல்லை அதில் சேர்க்கச் சொன்னதும் இந்தியாதான். அச்சொல்லில் ஜாதியும் அடங்கும் என்று 2002இல் உடன்படிக்கையின் கமிட்டி சொல்லிவிட்டது. 2007இல் தலித் அமைப்புகள் தங்கள் அறிக்கையோடு ஜெனிவாவில் போய் நின்றபோது, ஜாதி வேறு இனம் வேறு என்று அரசுத் தரப்பு அகராதி புரட்டியது.

எனக்கு அகராதி வேண்டாம். நான் ராமநாதபுரம் ஜில்லாக்காரன். இங்கே 1957இல் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். 2011இல், அவர் நினைவு நாளன்று, பரமக்குடியில் போலீஸ் சுட்டது. ஆறு உயிர் போயிற்று. அரசு நியமித்த விசாரணைக் கமிஷன் சுட்டதை நியாயம் என்றது.

ஜெனிவா கமிட்டிக்குப் போலீஸும் இல்லை, சிறையும் இல்லை. தெரியும். ஆனால் அங்கே அரசாங்கம் பதில் சொல்ல வேண்டிய தரப்பு. இங்கே தன் வழக்குக்குத் தானே நீதிபதி. வீட்டில் கேட்க ஆளிருந்தால் எவன் தெருவுக்கு வந்து கத்துகிறான்?