முடிவு நமது, விலை யாருடையது?



தீங்கு தீயவர்களிடமிருந்து மட்டுமே வரும் என்று எண்ணுகிறோம். அஃது உண்மையன்று. நல்லவர்கள் வழக்கத்தை மீற அஞ்சி எடுக்கும் முடிவுகளும் உயிரைப் பறிக்கும்.

1890-களில் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று ஆடவர்கள், மருத்துவ ஊழியர் ஜான் ஸ்கடரின் வீட்டை நாடி வந்தனர். மூவருடைய மனைவியரும் பேறுகால வேதனையில் இருந்தனர். அவர்கள் உதவி கேட்டதோ மருத்துவரிடம் அன்று; அவருடைய மகள் ஐடாவிடம். மருத்துவம் பயிலாத ஐடா, தந்தையை அழைத்துச் செல்லுமாறு வேண்டினார். அந்நிய ஆடவர் தம் மனைவியைப் பார்த்தல் தகாது என மூவரும் மறுத்துவிட்டனர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர்.

அந்தக் கணவர்கள் கொடியவர்கள் அல்லர். இரவில் உதவி தேடி வந்தவர்கள். ஆனால், முடிவெடுத்தவர்கள் அவர்கள்; விலை கொடுத்தவர்கள் பெண்கள். அப்பெண்களின் விருப்பத்தை யார் கேட்டார்?

அமெரிக்கா திரும்பி நல்வாழ்வு வாழ எண்ணியிருந்த ஐடா, அம்மரணங்களை இறைவனின் அழைப்பாக ஏற்றார். 1899-இல் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒற்றைப் படுக்கையுடன் பணியைத் தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தோற்றுவித்தார். இன்றைய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி அதன் வளர்ச்சியே. தீங்கு ஓரிரவில் முடிந்தது. குணமாக்கலுக்கோ ஓர் ஆயுட்காலம் தேவைப்பட்டது.

இயேசு பெருமான் கூறிய நல்ல சமாரியன் உவமையிலும், காயமுற்றவனைக் கண்டு விலகிப் போனவர்கள் அவனை அடிக்கவில்லை. நிற்பதில்லை என்று முடிவு செய்தார்கள், அவ்வளவே.

லாயாங் லாயாங் போன்ற சிற்றூர்களில் நாமும் நாள்தோறும் முடிவெடுக்கிறோம். வாசிக்கத் தடுமாறும் மாணவனைக் கடைசி வரிசையில் விட்டுவிடுவது ஒரு முடிவு. "பெண்பிள்ளைக்கு ஐந்தாம் படிவம் போதும்" என்பது ஒரு முடிவு. பிள்ளையின் எதிர்காலத்தை ஆசிரியரும் பெற்றோரும் பேசி முடிக்கும்பொழுது, அப்பிள்ளை பெரும்பாலும் அறைக்கு வெளியே நிற்கிறது.

ஆகவே, முடிவெடுக்குமுன் இரண்டு வினாக்களைக் கேட்போம். இதன் விலையை யார் கொடுக்கப் போகிறார்? அவரை நாம் கேட்டோமா? இவ்விரண்டையும் கேளாமல் எடுக்கும் முடிவு, ஜெபத்துடன் எடுக்கப்பட்டாலும் அன்பின் முடிவாகாது.

சிந்திப்போம். இறையாசீர் உங்களோடு இருப்பதாக.