நாற்பதுக்கு மேல் நண்பன் கிடையாதா?

வெள்ளம் வந்தால் முதலில் யார் வருவார்கள்? தீயணைப்புப் படையா, ராணுவமா, மந்திரியா? யாரும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான். 1995ல் ஜப்பானின் கோபே நகரில் பூகம்பம் வந்தபோது, இடிபாடுகளில் சிக்கியவர்களில் பெரும்பாலோரை வெளியே இழுத்தவர்கள் குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான். 2015ல் சென்னைக்குப் படகோடு வந்தவர்கள் மீனவர்கள்.

இது மத்திய அரசுக்கும் தெரியும். தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2016ல் ‘ஆப்தா மித்ரா’ திட்டத்தைத் தொடங்கியது. ஆபத்துக்கு உதவும் நண்பன் என்று அர்த்தம். சாதாரண மக்களுக்கு 12 நாள் பயிற்சி. 2021ல் இதை 350 மாவட்டங்களுக்கு விரித்து, ஒரு லட்சம் பேர் என்று இலக்கு வைத்தார்கள்.

நல்ல திட்டம். ஆனால் நான் படித்தது பி.காம். கணக்குப் பார்க்காமல் விட முடியவில்லை. மாவட்டத்துக்குச் சராசரி 285 பேர். மேடவாக்கம் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்தின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பின்படியே 25 லட்சத்துக்கு மேல். கிட்டத்தட்ட 9,000 பேருக்கு ஒரு நண்பன்! செங்கல்பட்டில் இருக்கும் நண்பர், ரோடே தெரியாத தண்ணீரில் மேடவாக்கத்துக்கு எப்படி வந்து சேருவார்?

மேடவாக்கத்துக்குப் பெயரில்தான் மேடு. பக்கத்திலேயே பள்ளிக்கரணை சதுப்பு நிலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் மழையில் அந்த வட்டாரம் என்ன பாடுபட்டது என்பது உங்களுக்கே தெரியும்.

இதைவிட வேடிக்கை வயது வரம்பு. 18 முதல் 40 வரை என்று வைத்தார்கள். முன்னாள் ராணுவத்தினர் போன்ற சிலருக்கு மட்டும் தளர்வு. தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 செ.மீ. கொட்டித் தீர்த்த 2015 டிசம்பர் 1, ஒரு செவ்வாய்க்கிழமை. அப்படி ஒரு வேலை நாளில் மேடவாக்கத்துத் தெருவில் யார் இருப்பார்கள்? இளவட்டங்களில் பாதிப் பேர் சோழிங்கநல்லூரிலோ சிறுசேரியிலோ கம்ப்யூட்டர் முன்னால். மிச்சம் இருப்பது ரிடையரான சார், வீட்டில் இருக்கும் அக்கா, மளிகைக் கடை அண்ணாச்சி. இவர்களுக்குப் பயிற்சி தராமல் வேறு யாருக்குத் தருவது?

வயதானவர்களை ஆபத்தில் தள்ளலாமா என்று கேட்பீர்கள். அவர்கள் ஏற்கெனவே ஆபத்தில்தான் இருக்கிறார்கள். கரண்ட் பாயும் தண்ணீரில் தெரியாமல் காலை வைக்கிறவர்கள் அவர்கள்தான். யாரும் நீந்த வேண்டாம். வாசல்படியைத் தண்ணீர் தொடும் முன் மெயினை ஆஃப் செய்யணும். எந்த வீட்டில் பாட்டி படுத்த படுக்கை, யாருக்கு டயாலிசிஸ், யாருக்கு இன்சுலின் என்று தெரிந்திருக்கணும். மூச்சு நின்றவரின் நெஞ்சை எப்படி அழுத்துவது என்று கற்றிருக்கணும். லாஸ் ஏஞ்சலிஸ் தீயணைப்புத் துறை 1985லேயே பொதுமக்களுக்கு வகுப்பு ஆரம்பித்தது. அது இன்று அமெரிக்கா முழுக்க சுமார் 20 மணி நேரப் பாடம்.

நம்மால் முடியாதா? குடியிருப்போர் நலச் சங்கம் கேமராவுக்கு வசூல் செய்கிறது, பொங்கலுக்குக் கோலப் போட்டி வைக்கிறது. அக்டோபர் மழைக்கு முன்னால் நாலு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கட்டும். தெருவுக்கு நாலு பேர், எந்த வயதானாலும் சரி. சொல்லித் தர தீயணைப்பு வீரர்களை அனுப்பச் சொல்லி கலெக்டருக்கு மனு கொடுங்கள். கூடவே, எங்கள் ஊரில் பயிற்சி பெற்றவர்கள் எத்தனை பேர் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். செலவு பத்து ரூபாய்.

பதில் ‘பூஜ்யம்’ என்று வந்தால், அதை சங்கத்தின் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.