ஆசிரியர் பயிற்சி நிதி திரும்ப வேண்டும்

ஆசிரியர் பயிற்சிக்கான 60 கோடி டாலருக்கு மேற்பட்ட மானியங்களை 2025 பிப்ரவரியில் அமெரிக்கக் கல்வித்துறை ரத்து செய்ததும், அதில் ஒரு பகுதியை முடக்கிவைக்க உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் 5-4 என்ற கணக்கில் அனுமதித்ததும் ஏற்கத்தக்கவை அல்ல. இத்தகைய மானியங்கள் வழியே இனம் பார்த்து வரிப்பணத்தைச் செலவிடக் கூடாது என்பது அரசின் வாதம். கேட்க நியாயமாகவே இருக்கிறது. வரலாறு வேறு சொல்கிறது. பள்ளிகளில் இனப் பிரிவினை செல்லாது என்ற 1954 பிரவுன் தீர்ப்புக்குப் பின் பள்ளிகள் இணைக்கப்பட்டபோது தென்மாநிலங்களில் கறுப்பின ஆசிரியர்கள் பல்லாயிரம் பேர் வேலையிழந்தனர். இன்று அரசுப் பள்ளி மாணவர்களில் பாதிக்கு மேல் வெள்ளையர் அல்லாதோர். ஆசிரியர்களில் சுமார் 80 விழுக்காட்டினர் வெள்ளையர். மாதக்கணக்கில் ஊதியமின்றிப் பயிற்சி வகுப்பெடுக்க ஏழை வீட்டுப் பட்டதாரியால் இயலாது. வேலையில் சேர்ந்த பிறகோ, கறுப்பினச் சிறுவன் குறும்பு செய்தால் அடக்கிவைக்கப் பள்ளியின் ஒரே கறுப்பின ஆசிரியரைத் தேடி ஆள் வருகிறது. பாடத்திட்டம் வகுக்கும்போது அவரை எவரும் கேட்பதில்லை. பலர் விலகிப்போவதில் வியப்பென்ன? மானியங்கள் உடனே மீட்கப்பட வேண்டும். பயிற்சிக் காலத்துக்கு ஊதியமும், தொடக்க ஆண்டுகளில் மூத்த ஆசிரியரின் துணையும் உறுதிசெய்யப்பட வேண்டும். நாற்காலியைக் கொடுத்துவிட்டுக் கைவிடுவது நீதியாகாது.