துருவத்தில் குறையும் குளிர்: சம்பா விவசாயிகள் கவனிக்க வேண்டியது இரவு வெப்பம்



வடதுருவத்தில் குளிர் குறைகிறது என்ற செய்தியைப் படித்துவிட்டு, "அதற்கும் ஸ்ரீரங்கத்துக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான்.

நார்வே நாட்டின் ஸ்வால்பார்டில், நி-ஆலசுண்டு என்ற இடத்தில் நம் நாட்டின் 'ஹிமாத்ரி' ஆய்வு நிலையம் 2008 முதல் இயங்குகிறது. 2025 பிப்ரவரியில் அங்கே சராசரி வெப்பநிலை மைனஸ் 3.3 டிகிரி செல்சியஸ். முன்பு அந்த மாதத்துக்கு மைனஸ் 15 டிகிரிதான் வழக்கம். ஒரு மாதத்தை மட்டும் வைத்து முடிவு செய்யக்கூடாது. ஆனால் 1979 முதலான கணக்கும் இதையே காட்டுகிறது. உலக சராசரியைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் வடதுருவம் சூடாகிறது. அதிலும் குளிர்காலத்தில்தான் அதிகம். கோடையில் பனி உருகிய கடல், வெயிலை வாங்கி வைத்துக்கொள்கிறது. சூரியனே உதிக்காத குளிர்கால மாதங்களில் அந்த வெப்பத்தைக் காற்றில் விடுகிறது.

அந்த வெப்பம் நேராக நம் வயலுக்கு வருவதில்லை. ஆனால் இங்கும் அங்கும் அடிப்படைக் காரணம் ஒன்றே: காற்றில் கூடிவரும் கரியமில வாயு. இந்தியாவின் சராசரி வெப்பநிலை 1901 முதல் 2018 வரை சுமார் 0.7 டிகிரி உயர்ந்துள்ளது.

நெல் பகலில் சேர்க்கும் மாவுச்சத்தில் ஒரு பகுதியை இரவில் சுவாசித்தே செலவழிக்கிறது. இரவு வெப்பம் கூடினால் செலவும் கூடும், மணியின் எடை குறையும். பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் 2004இல் வெளியிட்ட ஆய்வில், வறண்ட பருவத்தில் இரவின் குறைந்தபட்ச வெப்பநிலை 1 டிகிரி கூடியபோது மகசூல் 10 சதவீதம் குறைந்தது தெரியவந்தது.

நீங்கள் செய்ய வேண்டியவை:

1. கதிர் பால் பிடிக்கும் பருவம் மார்கழி, தை மாதக் குளிருக்குள் வரும்படி நாற்று விடுங்கள்.

2. மேட்டூர் தண்ணீர் தாமதமாகி, புரட்டாசியில்தான் நாற்று விட முடிகிறது என்றால் 155 நாள் தாண்டும் சி.ஆர். 1009 வேண்டாம், பால் பிடிப்பது மாசிக்குத் தள்ளிப்போகும். சுமார் 135 நாள் வயதுள்ள திருச்சி 3 போன்ற ரகம் ஏற்றது.

3. குறைந்தபட்ச வெப்பநிலையைத் தினமும் நோட்டில் எழுதி, மாத சராசரி போடுங்கள். ஒரு மார்கழி நடுங்க வைத்தது என்பதற்காக ஏமாற வேண்டாம். பத்து வருடக் கணக்குதான் போக்கைக் காட்டும்.

ரகம், விதைப்பு நாள் பற்றிய சந்தேகங்களுக்குச் சிறுகமணி வேளாண் அறிவியல் நிலையத்தை அணுகலாம்.