ஊர்ப் பொதுமக்களுக்கும் விழாக் கமிட்டியாருக்கும் ஸ்பெஷல் நாடகக் கலைஞர்களின் வேண்டுகோள்

தென்மாவட்டக் கோயில் திருவிழாக்களில் இரவு முழுவதும் நடைபெறும் ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’ முதலிய நாடகங்களில் வேடம் கட்டுகிறவர்கள் ஒரே குழுவைச் சேர்ந்தவர்கள் அல்லர் என்பது, அவற்றை ஆண்டுதோறும் கண்டு களிப்பவர்களிலேயே பலர் கவனித்திராத செய்தியாகும். கதாநாயகனாகிய ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்தும், நாயகியாகிய ஸ்திரீபார்ட் வேறோர் ஊரிலிருந்தும், நகைச்சுவை நடிகராகிய பபூனும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் வெவ்வேறு திசைகளிலிருந்தும் வந்து, பெரும்பாலும் ஒத்திகை ஏதுமின்றி, அன்றைய இரவு மேடைக்குப் பின்னால்தான் ஒருவரையொருவர் சந்திக்கிறார்கள். இவ்வாறு ஓர் இரவுக்கென ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சம்பளம் பேசி நடத்தப்படுவதே ஸ்பெஷல் நாடகம் எனப்படுகிறது.

இந்நாடகங்களுள் பலவற்றுக்கு ஆசிரியரான சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922), 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பாலசபையைத் தொடங்கிய காலத்தில், நாடகம் கம்பெனிகளின் கையில் இருந்தது. நடிகர்களின் உணவு, உறைவிடம், உடை, பயணம் ஆகியவற்றைக் கம்பெனியே ஏற்றது. கம்பெனிகள் மறைந்தபின் அச்செலவுகள் மறைந்துவிடவில்லை. அவை ஒவ்வொரு கலைஞரின் தோளுக்கும் இடம் மாறின. இன்று கேட்கப்படும் சம்பளத்தை இந்த மாற்றத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதே இவ்வேண்டுகோளின் சாரம்.

நாடகங்கள் மிகுதியாக நடைபெறுவது பங்குனி முதல் ஆடி வரையிலான ஐந்து மாதங்களில், அதாவது ஏறத்தாழ 150 இரவுகளில் ஆகும். ஒரு கலைஞருக்கு அவற்றில் பாதி இரவுகளுக்குத் ‘தேதி’, அதாவது நாடக ஒப்பந்தம், கிடைத்தது என்று வைத்துக்கொண்டாலும், 75 இரவுகளின் வருவாய் 365 நாள்களுக்குச் சோறு போட வேண்டும். ஓர் இரவுச் சம்பளம் கிட்டத்தட்ட ஐந்து நாள் குடும்பச் செலவாகிறது. அதிலிருந்தே தேதி பிடித்துத் தரும் ஏஜெண்டின் கமிஷன், அரிதாரம், சரிகை தேய்ந்த உடைக்கு மாற்றுடை, மிருதங்கத்தின் வலந்தலைக்குப் புதுத் தோல், ஆர்மோனியத்துக்குச் சுதி சரிபார்ப்பு அனைத்தும் போக வேண்டும். பெண் கலைஞர்கள் பலருக்குத் துணைக்கு ஒருவரையும் அழைத்துவர வேண்டிய செலவு உண்டு. இரவுப் பயணம் அவர்களுக்கு எத்தகையது என்பதை அறிந்தவர்கள் அதை வீண்செலவு என்று சொல்லமாட்டார்கள்.

கணக்கில் எழுத இயலாத முதலீடும் ஒன்று உண்டு. வள்ளிக்கும் வேடன் வடிவில் வரும் முருகனுக்கும் நள்ளிரவுக்குப்பின் நிகழும் தர்க்கத்தில், எதிரில் நிற்பவர் எந்தப் பாட்டை எடுப்பார், எந்தக் கேள்வியை வீசுவார் என்று முன்கூட்டித் தெரியாத நிலையில், தக்க விடையைத் தக்க சுதியில் உடனே சொல்ல வேண்டும். நூற்றுக்கணக்கான பாடல்களை மனத்தில் வைத்திருப்பவரால்தான் அது இயலும். ஒத்திகையின்றி நாடகம் நடப்பது, ஒத்திகைக்குரிய உழைப்பைக் கலைஞர்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே சொந்தச் செலவில் செய்து முடித்துவிட்டதனால்தான்.

வருத்தத்துக்குரியது விடியற்காலைக் கணக்கு. தேங்காய் எண்ணெயால் அரிதாரத்தைத் துடைத்து, பெட்டியைக் கட்டி, முதல் பேருந்துக்காகக் காத்திருக்கும் நேரத்தில், கூட்டம் குறைவு என்றோ, மழை குறுக்கிட்டது என்றோ, வசூல் முழுமையாகவில்லை என்றோ, பேசிய தொகையில் ஒரு பகுதி சில ஊர்களில் பிடிக்கப்படுகிறது. ஆடி முடித்தபின் பேரம் பேசுவதற்குக் கலைஞரிடம் எதுவும் மிச்சமில்லை. அவர் விற்க வந்த இரவு முடிந்துவிட்டது. ஒலி மாசு விதிகள், 2000இன்படி இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கிக்குக் கட்டுப்பாடு உள்ளது. அதை முன்னிட்டு நாடகம் சுருக்கப்படும்போதும் சம்பளத்தைப் பாதியாக்குவது முறையாகாது. நேரம் குறைந்தாலும் அன்றைய தேதியை அவர் வேறோர் ஊருக்குத் தந்திருக்க முடியாது.

குடும்பத்துக்கு இவ்வளவு எனத் தலைக்கட்டு வரி வசூலித்து விழா நடத்தும் சிற்றூர்களின் சிரமத்தைக் கலைஞர்கள் அறியாதவர்கள் அல்லர். அவர்களும் அத்தகைய ஊர்களில் வரி கொடுப்பவர்களே. பேரம் வேண்டாம் என்று அவர்கள் கேட்கவில்லை, அது தேதி கொடுப்பதற்கு முன்னரே முடியட்டும் என்கிறார்கள். கையில் உள்ள தொகை குறைவு எனில் அதை முதலிலேயே சொல்லிவிட்டால், ஆள் எண்ணிக்கையைக் குறைத்தோ, பக்கத்து ஊர்த் தேதியோடு இணைத்துப் பயணச் செலவைப் பகிர்ந்தோ நாடகத்தை அமைத்துத்தர வழியுண்டு. ஆகவே, வரும் பங்குனிக்குத் தேதி குறிக்கும் ஊர்கள், ஒவ்வொரு கலைஞருக்கும் உரிய சம்பளம், முன்பணம், மழை பெய்தால் தர வேண்டிய தொகை ஆகியவற்றை இரண்டு தாள்களில் எழுதி, கமிட்டியார் ஒன்றும் கலைஞர் ஒன்றுமாக வைத்துக்கொள்ளவும், மீதித் தொகையை முகத்தில் அரிதாரம் ஏறுவதற்கு முன்பே கொடுத்துவிடவும் வேண்டுமெனக் கலைஞர்கள் பணிவுடன் கேட்டுக்கொள்கிறார்கள்.