ட்ரிப் ஆனால் பெரிசு போடாதீர்கள்



"ட்ரிப் ஆகிக்கிட்டே இருக்கு, பெரிசா ஒண்ணு மாட்டிடுப்பா." பழைய வீட்டில் புது ஏ.சி. வாங்கியவர்கள் சர்வ சாதாரணமாகச் சொல்லும் பேச்சு இது. இதைவிட ஆபத்தான பேச்சு ஒரு வீட்டில் வேறில்லை. என் வீட்டில் அதைச் சொன்னவன் நானேதான்.

எங்கள் வீடு 1984-ல் கட்டியது. சுவருக்குள் ஓடுவது 1/18 செம்புக் கம்பி. கனம் ஒரு சதுர மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம். நாலு லைட், இரண்டு ஃபேன், ஒரு ரேடியோவுக்காக இழுத்தது. போன கோடையில் பேரன் வருகிறான் என்று ஒன்றரை டன் ஏ.சி. வாங்கி அதே லைனில் கொடுத்தோம். ஏ.சி. 8 ஆம்பியர், இண்டக்‌ஷன் அடுப்பு 8, இஸ்திரிப் பெட்டி 4, மிக்சி 3. கூட்டினால் 23. போர்டில் இருந்ததோ 16 ஆம்பியர் எம்.சி.பி. சாயங்காலமானால் விழும்.

வந்த எலக்ட்ரீசியன் என் மாணவன். "தனி லைன் இழுக்கணும் சார்" என்றான். "செவத்தை உடைக்க வேண்டாம் தம்பி, 32 போட்டுடு" என்றேன். சார் பேச்சைத் தட்ட முடியாமல் போட்டான். அதன்பின் அது விழவே இல்லை. ஒருநாள் இரவு எட்டு மணிக்குக் கருகல் வாடை. பேரன் கட்டிலுக்கு நேர் மேலே இருந்த ஜங்ஷன் பாக்ஸைத் திறந்தால், கம்பியின் உறை உருகி வழிந்திருந்தது.

முப்பது வருடம் எட்டாம் வகுப்புக்கு பியூஸ் பாடம் நடத்தியவன் செய்த வேலை இது!

எம்.சி.பி. காப்பது ஏ.சி.யை அல்ல, கம்பியை. ஆகவே அதன் எண்ணை முடிவு செய்ய வேண்டியது புது மெஷின் அல்ல. அந்த லைனிலேயே மெலிந்த கம்பி. என் கம்பிக்கு 16 கூட அதிகம், 10தான் சரி. ஏ.சி.க்கு மெயின் போர்டிலிருந்து 4 சதுர மில்லிமீட்டர் கம்பியில் தனி லைன், 20 ஆம்பியர் எம்.சி.பி. ஸ்டார்ட் ஆகும்போது மட்டும் விழுகிறதா? எண்ணைக் கூட்டாதீர்கள், வகையைப் பாருங்கள். 'பி' வகை, எண்ணைப்போல் 3 முதல் 5 மடங்கு கரண்ட் பாய்ந்தால் உடனே விழும். 'சி' வகை 5 முதல் 10 மடங்கு வரை தாங்கும். மோட்டாருக்கு 'சி'.

"அந்தக் காலத்துக் கம்பி, இப்ப அந்தத் தரம் கிடைக்காது" என்று பெருமை பேசும் உறவுகளுக்கு: செம்பு நல்ல செம்புதான். வயதானது அதன் உறை. கனமும் நீங்கள் ஏ.சி. வாங்கியதால் கூடிவிடாது.

இன்னொன்று. எம்.சி.பி. மனிதனைக் காப்பாற்றாது. 16 ஆம்பியர் என்றால் 16,000 மில்லிஆம்பியர். ஆளைக் கொல்ல அதில் சிறு துளி போதும். அதற்குத்தான் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வாஷிங் மெஷின், இன்வெர்ட்டர் ஏ.சி. போன்ற எலக்ட்ரானிக் சாமான்கள் இருந்தால் 'ஏ' வகை கேளுங்கள். பழைய வயரிங்கில் இது அடிக்கடி விழும். உறை நைந்து கரண்ட் கசியலாம், இரண்டு லைனின் நியூட்ரல் ஒன்றாகக் கட்டியிருக்கலாம். அதைத் தேடாமல், "தொல்லை" என்று ஆர்.சி.சி.பி.யை பைபாஸ் செய்கிறார்கள். காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பது போல!

செலவா? ஏ.சி.க்குக் கொடுத்த பணத்தோடு வைத்துப் பாருங்கள். நான் கடைசியில் சுவரையும் உடைத்தேன், கம்பியையும் மாற்றினேன். முதலிலேயே செய்திருக்கலாம்.

எலக்ட்ரீசியன் வேலை பார்க்கும் என் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டுக்காரர் எவ்வளவு பெரியவராக இருந்தாலும், "பெரிசா போடு" என்றால் முடியாது என்று சொல்லுங்கள். சொல்பவர் உங்கள் சாராகவே இருந்தாலும்.